சிப்பாயும் ஒரு பாவைப்பிள்ளைதான்

ரூஜ் எண்டால் எங்கட ஆக்களுக்கு மூண்டு விஷயம் ஞாபகம் வரும்: மிருகக்காட்சிசாலை, ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழுகிற பீச், ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா. 2015இல் தேசியப் பூங்காவாக அமைந்த அந்த இடம் ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர். ஸ்காபரோவின் கிழக்கு முனையில், பஸ் பிடித்தே காட்டுக்குள் போகலாம். நான் நாலாவதாக ஒண்டு சேர்ப்பேன்: கோடைகாலத்துச் சனிக்கிழமைகளில் நடக்கும் கராஜ் சேல்கள்.

போர்ட் யூனியன் பக்கத்துப் பழைய தெருக்களில், பிள்ளைகளை வளர்த்து முடித்த ஆக்கள் பேஸ்மென்ட்டைக் காலி செய்யும்போது, அரைநூற்றாண்டு விளையாட்டுச் சாமான் வெளியில் வரும். போன கோடையில் என் ஆறு வயது மகன் அப்படியொரு மேசையிலிருந்து தூக்கியது, ஏறக்குறைய ஒரு அடி உயரமான ஜி.ஐ. ஜோ. பச்சைச் சீருடை, வலது கன்னத்தில் ஒரு தழும்பு.

வீட்டில் இரண்டு பேச்சு வந்தது. அம்மா கேட்டா, “பெடியனுக்கு ஏன் பாவைப்பிள்ளை?” அப்பா ஒண்டும் சொல்லேல்லை. அந்தச் சீருடையைப் பார்த்திட்டு எழும்பிப் போயிட்டார். 83க்குப் பிறகு ஆமிக்காரனைப் பார்த்து ஓடி வந்த மனிசனுக்கு, பேரன் கையில் ஆமிக்காரன். எங்களைப் போல இரண்டாம் தலைமுறைப் பெற்றோருக்கு இரண்டு பேச்சும் தெரிந்ததுதான். பதில் சொல்லத்தான் கஷ்டம்.

முதல் கேள்வி எங்கட ஊர்க் கேள்வி மட்டுமில்லை. 1959இல் மட்டெல் நிறுவனத்தின் பார்பி வந்தது. அதைப் பார்த்த ஹஸ்ப்ரோ, 1964இல் பெடியன்களுக்கெண்டு ஜி.ஐ. ஜோவைக் கொண்டுவந்தது. உடுப்பு மாத்தலாம், சப்பாத்து, தொப்பி தனித்தனியாக வாங்கலாம்: வேலைமுறை முழுக்க பார்பியினதுதான். ஆனால் ‘டோல்’ எண்ட சொல்லை வாயில் எடுக்கக்கூடாது எண்டு நிறுவனம் கண்டிப்பாக இருந்தது. அப்பாமார் மகனுக்கு டோல் வாங்கமாட்டினம் எண்ட பயம். அப்படித்தான் ‘அக்ஷன் ஃபிகர்’ எண்ட புதுப்பெயர் பிறந்தது. பிரிட்டனில் 1966இல் பலிடோய் அதையே ‘அக்ஷன் மான்’ எண்டு விற்றது.

கடையில் பெயர் மாத்தலாம், சுங்கத்தில் ஏலாது. இறக்குமதியாகும் சின்ன ஜி.ஐ. ஜோக்கள் பொம்மை இல்லை எண்டு ஹஸ்ப்ரோ அமெரிக்க நீதிமன்றத்தில் வாதாடியது. 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: பொம்மைதான். 2003இல் எக்ஸ்-மென் உருவங்களுக்கு வேறு நிறுவனம் போட்ட வழக்கு வென்றது. அவை முழு மனிதரைக் குறிக்கவில்லை, ஆகவே பொம்மை இல்லை எண்டு தீர்ப்பு. அப்ப பொம்மைக்கு 12 வீதம், மற்ற விளையாட்டுச் சாமானுக்கு 6.8 வீதம் வரி இருந்தது. சண்டை அதுக்குத்தான்!

எங்கட இலக்கியத்திலும் இந்தக் கோடு இருக்குது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைகள் கட்டின மணல்வீட்டை உடைக்கிறது, பறை அடிக்கிறது, தேர் உருட்டுறது. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல். ஆனால் மரப்பாச்சியைப் பாருங்கோ. ஆணும் பெண்ணுமாகச் சோடியாகத்தான் செய்வினம். ஆண் பொம்மை எங்களுக்குப் புதுசில்லை. அதை ஆர் தூக்கலாம் எண்டதில்தான் பிரச்சினை.

அப்பாவின் மௌனத்துக்கும் அந்தப் பொம்மையின் கதையிலேயே ஒரு பதில் கிடந்தது. வியட்நாம் போர் நடந்த காலத்தில் அமெரிக்கப் பெற்றோருக்கே சிப்பாய்ப் பொம்மை கசந்துபோச்சு. 1970இல் ஹஸ்ப்ரோ அவனை ‘அட்வெஞ்சர் டீம்’ ஆளாக்கியது. புதையல் தேடுறது, காட்டு மிருகம் பிடிக்கிறது, கடலுக்குள் இறங்குறது எண்டு வேலை மாறிச்சுது. தலையில் வெல்வெட் மாதிரி முடியும் தாடியும் வந்தது. சீருடையைக் கழட்டினால் அவன் ஒரு சாதாரண மனிசன்.

இதை நான் வீட்டில் சொன்ன பிறகு, கழட்டினது மகன்தான். அம்மாவே பழைய துணியில் ஒரு சாரம் தைச்சுக் கொடுத்தா. அப்பா அதைச் சரியாகக் கட்டிக் காட்டினார். சீருடையை ஆரும் எறியேல்லை, லாச்சிக்குள் கிடக்குது. ஏன் அதைக் கழட்டினது எண்டு மகன் கேட்டான். அப்பா முதல்தரம் அவனுக்கு ஊரைப் பற்றிக் கொஞ்சம் கதைச்சார். அதிகமில்லை, பத்து நிமிஷம். நான் சின்னனில் கேட்டதைவிட அது கூட.

நீங்களும் தேடிப் போறதெண்டால் சில விஷயம். பழைய பெரிய ஜோவின் கைகால்களை உடம்புக்குள் இருக்கும் இலாஸ்டிக் நாடாதான் இழுத்துப் பிடிக்குது. அது தளர்ந்தால் கைகால் தொங்கும், ஆனால் மாத்தலாம். 1974இல் வந்த, பொருளைப் பிடிக்கும் ரப்பர் கைகள் காலத்தோடு இறுகி விரல் உடையும், இழுத்துப் பார்க்காதேங்கோ. ஒட்டுற மாதிரிப் பிசுபிசுத்தால் பிளாஸ்ரிக்கிலிருந்து மென்மையாக்கி கசியுது எண்டு அர்த்தம். அந்தக் காலத்துப் பிளாஸ்ரிக்குக்கு இண்டைய பாதுகாப்பு வரம்புகள் இருக்கேல்லை. வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டாம்.

இப்ப நாங்கள் ட்வின் ரிவர்ஸ் பக்கம் நடக்கப் போனால் சாரம் கட்டினவனும் வருவான். மகன் அவனை ஆற்றங்கரைக் கல்லில் இருத்தி, தண்ணி குடிக்கக் கொடுத்து, குளிருதோ எண்டு கேட்கிறான். எதிரே வாற ஆக்கள் சிலர் சிரிப்பினம். அம்மா இப்ப அவனைப் பாவைப்பிள்ளை எண்டுதான் சொல்லுவா, குறையாக இல்லை.