சத்தம் வேறு, தெளிவு வேறு



இந்நூலின் ஏனைய பக்கங்களில் வினாக்களும் விடைகளும் உள்ளன. இப்பக்கத்தில் எனது வீட்டில் நடந்த ஒரு விடயத்தைச் சொல்லப் போகிறேன். நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் கற்பிப்பவன் அல்லன். ஆயினும், நீங்கள் படிக்கும் ஒலி பற்றிய பாடம் எனக்கு அன்று கைகொடுத்தது.

எங்கள் வீட்டுப் பழைய ரீவி பழுதாகிவிட, சீட்டுக் காசில் புதிய மெல்லிய ரீவி ஒன்று வாங்கினோம். படம் கண்ணாடி போல இருந்தது. ஆனால் சில கிழமைகளில் அப்பா ரீவிக்கு முன்னால் இருப்பதைக் குறைத்துக்கொண்டார். இருந்தாலும், நாங்கள் சிரித்து முடிந்த பிறகுதான் அவர் சிரிப்பார். சத்தம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டினேன். அம்மா தலையிடி என்றார். அப்பாவோ, “கேக்குது தம்பி, விளங்கேல்லை” என்றார். அதன் பொருள் அப்போது எனக்கும் விளங்கவில்லை.

தனியாக ஒலித்தொகுதி ஒன்று வாங்கினால் சரி என்று எண்ணி, அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளர் சண்டைப் படம் ஒன்றைப் போட்டார். குண்டு வெடித்தபோது கடைக் கண்ணாடியே அதிர்ந்தது. நான் காசை எடுக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து, “இடி நல்லாய்த்தான் இருக்கு. கதை எங்கை?” என்று கேட்டார். வெறுங்கையுடன் திரும்பினோம்.

பின்பு அவரை அரசாங்க வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. செவிப்புலனைச் சோதித்தவர் விளக்கினார். இளவயதினரின் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான மீடிறனுள்ள ஒலிகளைக் கேட்கும். வயது செல்லச் செல்ல உயர் மீடிறன்களே முதலில் குறையும். பேச்சில் உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த மீடிறன்களில் இருக்கும். ஒரு மெய்யை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில் உயர் மீடிறன்களுக்குப் பெரும் பங்குண்டு. “பால்”, “கால்” என்ற இரு சொற்களையும் எடுத்துப் பாருங்கள். “ஆ” நன்றாகக் கேட்கும்; முன்னால் வந்தது “ப்” ஆ, “க்” ஆ என்பது தெரியாது. அப்பாவின் “கேக்குது, விளங்கேல்லை” என்பது முற்றிலும் சரியான விடை. வினாவை விளங்காமல் விட்டவன் நான்தான்.

எங்கள் ரீவியும் அதற்கு உடந்தை. மெல்லிய ரீவிக்குள் பெரிய ஒலிபெருக்கி வைக்க இடமில்லை. உள்ளவை சிறியவை; பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பொருத்தப்பட்டிருக்கும். ஒலி மேசையிலும் சுவரிலும் தெறித்துக் கலங்கியே நம்மிடம் வருகிறது.

இனி, வாங்கும்போது நான் அறிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருநாள் உதவும்.

முதலாவது, வாற்று எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். வலுவை இரு மடங்காக்கினால் ஒலிமட்டம் 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்கு உரப்பாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்டிருப்பது விளம்பர எண், ஆர்.எம்.எஸ். என்று குறிக்கப்பட்டதையே பாருங்கள்.

இரண்டாவது, 2.0, 2.1, 3.1 என்பவற்றின் பொருள். முன் எண் பிரதான ஒலிவழிகளின் தொகை. புள்ளிக்குப் பின் வருவது இடியோசை போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கான தனிப் பெட்டி. 3.1 இல் நடுவில் உள்ள ஒலிவழிக்கே பெரும்பாலும் பேச்சு வரும்.

மூன்றாவது, இணைக்கும் வழி. ஏ.ஆர்.சி. என்று குறிக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. துளை இரண்டு கருவிகளிலும் இருந்தால், பொதுவாக ரீவியின் ரிமோட்டினாலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அப்பாவுக்கு இரண்டு ரிமோட்டுகள் தொல்லை. புளூடூத்தில் இணைத்தால் சிலவேளை வாயசைவுக்குப் பிந்தியே ஒலி வரும்.

இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு வேறொரு கடைக்குப் போனோம். சண்டைப் படம் வேண்டாம், செய்தி போடுங்கள் என்றேன். வீட்டில் இருப்பது போல எட்டு அடி தள்ளி அப்பாவை இருத்தி, கண்களை மூடச் சொன்னேன். ஒவ்வொரு தலைப்புச் செய்தியையும் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று கருவிகளைச் சோதித்தோம். ரீவிக்கு முன்னால் வைக்கும், கை நீளம்கூட இல்லாத 2.0 சவுண்ட்பார் ஒன்றில், பேச்சைத் தெளிவாக்கும் பொத்தானை அழுத்தியபோது எல்லாச் செய்தியையும் பிழையின்றிச் சொன்னார். அதன் விலை, முதற்கடையில் நான் வாங்கப் போனதன் அரைவாசி.

கருவி காதைக் குணமாக்காது என்பதையும் சொல்ல வேண்டும். செவிப்புலன் கருவி அணியுமாறு வைத்தியர் கூறியிருக்கிறார். அப்பா இன்னும் “பாப்பம்” என்றுதான் சொல்கிறார். ஆனால் இப்போது எங்களுடன் சேர்ந்தே சிரிக்கிறார்.

மாணவர்களே, அந்தச் சிரிப்பைக் கண்ட பின்னர் எனது வகுப்பை நினைத்துப் பார்த்தேன். “விளங்கிச்சா?” என்று கேட்டால், “ஓம் சேர்” என்று எல்லோரும் சொல்வீர்கள். பின்வாங்கிலில் சிலர், மற்றவர்கள் தலையாட்டிய பிறகு தலையாட்டுவதை இப்போதுதான் கவனிக்கிறேன். முன்பெல்லாம் அவர்களுக்காக அதே வசனத்தை இன்னும் உரத்துச் சொல்வேன். ரீவியின் சத்தத்தைக் கூட்டியது போலத்தான் அதுவும். இனி வேறு விதமாகச் சொல்லித்தர முயல்வேன். நீங்களும் ஓர் உதவி செய்யுங்கள்: கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை என்றால், என் அப்பாவைப் போல அப்படியே சொல்லுங்கள்.

பரீட்சையிலும் இதுவே. ஒரு வரியில் கேட்ட வினாவுக்கு இரண்டு பக்கம் எழுதுவது கடைக்காரர் போட்ட இடி போன்றது. வினாவை இருமுறை வாசியுங்கள். என்ன கேட்கப்பட்டது என்பதைப் புரிந்து, அதற்கு மட்டும் தெளிவாக விடை எழுதுங்கள்.