ஆடும் முள்

தாம்பரம் தாண்டினாலே எங்கள் பழைய காரில் ஸ்பீடோமீட்டர் முள் 30-க்கும் 60-க்கும் நடுவே ஆடும். கிலோமீட்டர் எண்கள் மட்டும் ஒழுங்காக ஓடின. "அப்போ கேபிள் அறுந்து போகலை சார், காய்ஞ்சு போச்சு" என்றார் மெக்கானிக்.

மாருதி 800 காலத்து வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதுதான் முள்ளை இழுக்கும். கேபிள் சிக்கிச் சுழன்றால் முள்ளும் துள்ளும்.

உள்கம்பியை உருவித் துடைத்து, லேசாக கிரீஸ் தடவினார். மீட்டர் பக்க முனையில் மட்டும் தடவவில்லை. கிரீஸ் உள்ளே ஏறினால் மீட்டர் கெட்டுவிடும்.

அப்புறம் ஜிஎஸ்டி சாலையில் சோதனை. முள் 40-இல் நிற்க, மனைவி கடிகாரம் பார்த்தாள். கிலோமீட்டர் கல்லுக்குக் கல் 90 விநாடி. கணக்கு சரி!

நம் வயதில் வேகம் உடம்புக்குத் தெரிவதில்லை, முள்ளைத்தான் நம்புகிறோம். நீங்களும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.