ஆயி படுத்தும் பாடு

நம்ம வீட்டு வாண்டுக்கு ரெண்டேகால் வயசு. புனேயில பொறந்த தஞ்சாவூர்க்காரன். பேச ஆரம்பிச்சு ஆறு மாசமாச்சு, இன்னும் நிறுத்தல. பிரச்சினை அது இல்ல. என்ன பாஷையில பேசுறான்ங்கறதுதான்.

நானும் தங்கமணியும் பொட்டி தட்டுற பொழப்பு. காலையில எட்டரைக்கு ஹிஞ்சேவாடி டிராஃபிக்ல போய் நின்னா, வீடு திரும்ப ராத்திரி ஏழரை ஆயிடும். அதுவரைக்கும் வாண்டு, மௌஷி பொறுப்பு. மௌஷின்னா மராத்தியில அம்மாவோட அக்கா தங்கச்சி. பிள்ளையப் பாத்துக்கறவங்க, வீட்டு வேலைக்கு வர்றவங்க எல்லாரையும் இங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க. தங்கமான மனுஷி. ஆனா தமிழ் தெரியாது. ஆக, பையனுக்கு ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம் மராத்தி, ரெண்டு மணி நேரம் தமிழ். அந்த ரெண்டு மணி நேரத்துலயும் பாதி, "டேய், அதத் தொடாத!"

பொங்கல் அன்னிக்கு சாயங்காலம் ஊர்லேருந்து அம்மா வீடியோ கால்ல வந்தாங்க.

"சக்கரைப் பொங்கல் வேணுமாடா தங்கம்?"

"நக்கோ!"

அம்மா முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "என்னடா இது, என்னைப் போயி நக்கச் சொல்றான்?"

"ஐயோ, வேண்டாம்னு சொல்றாம்மா. டேய், அப்பாயி சொல்லு, அப்பாயி!"

அவன் அழகாச் சிரிச்சுக்கிட்டு, "ஆஜி!" அதுவும் பாட்டிதான், ஆனா மராத்திப் பாட்டி. அம்மா இன்னும் ஏதேதோ கேட்டாங்க, இவனும் ஏதேதோ சொன்னான். ரெண்டு நிமிஷம்தான். "சரிப்பா, அவன் பேசுறது எனக்கு ஒண்ணும் புரியல. அடுப்புல பால் வெச்சிருக்கேன்"னு வெச்சுட்டாங்க. பால் காலையிலேயே பொங்கி முடிஞ்சதுன்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்னிக்கு ராத்திரியே வீட்ல சட்டம் போட்டேன். இனிமே தமிழ் மட்டும்தான். தங்கமணி ஒரு பார்வை பாத்தாங்க. "மொதல்ல நீங்க ஒரு நாள் முழுசா அவனோட இருந்து பாருங்க."

அந்த நாளும் வந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை தங்கமணி ஆபீஸ் தோழி கல்யாணத்துக்கு நாசிக் கிளம்பிட்டாங்க. மௌஷிக்கு லீவு. வீட்ல நானும் அவனும்.

எட்டு மணிக்கு எழுந்தான். எட்டே காலுக்கு கோதுமை மாவு டப்பா காலி. தலையிலேருந்து கால் வரைக்கும் வெள்ளையா நின்னு, என்னையப் பாத்து பயந்த மாதிரி அவனே அழுதான். குளிப்பாட்டி முடிச்சா டிவி ரிமோட்டக் காணோம். (மூணு நாள் கழிச்சு அரிசி டப்பாவுல கெடச்சுது.) அப்பறம் ஆரம்பிச்சான், "பாயிஜே! பாயிஜே!"

அட, தமிழ்! சந்தோஷமா ஓடிப் போய்ப் பாயை எடுத்து விரிச்சேன். பாயிலயே படுத்துப் பொரண்டு இன்னும் சத்தமா, "பாயிஜேஏஏ!" தலைகாணியும் கொண்டு வந்து போட்டேன். தூக்கி எறிஞ்சான். அரை மணி நேரம் கழிச்சு, அவன் கை ஃபிரிட்ஜ் மேல இருந்த பிஸ்கட் டப்பாவைக் காட்டுறதைக் கவனிச்சேன். 'பாயிஜே'ன்னா வேணும்னு அர்த்தமாம். மொபைல்ல தேடித் தெரிஞ்சுக்கிட்டேன்.

விடுவேனா? பால்கனிக்குத் தூக்கிட்டுப் போய் இட்லி ஊட்டிக்கிட்டே பாடம் எடுத்தேன். "அங்க பாரு, காக்கா!" பையன் காக்காயைத் தாண்டிக் கீழ பாத்தான். கேட்டுல நின்ன வாட்ச்மேனுக்குக் கையாட்டி, "காகா!" அவரும் சிரிச்சுக்கிட்டே கையாட்டினார். காகான்னா மராத்தியில சித்தப்பா. எங்க அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேன், லிஃப்ட்காரர், பேப்பர்காரர் எல்லாரும் இவனுக்குச் சித்தப்பாதான். நெஜக் காக்கா பாட்டுக்கு இட்லியைத் தூக்கிட்டுப் போயிடுச்சு.

பதினொரு மணிக்கு முக்கியமான கட்டம். "ஆயி! ஆயி!"

இது எனக்குப் புரியும்ங்க! வீட்ல அப்பத்தான் டயாபரை நிறுத்திப் பழக்கிக்கிட்டிருந்தோம். பையன் அவனே வாயத் தொறந்து சொல்றான். அள்ளிக்கிட்டுப் பாத்ரூமுக்கு ஓடினேன். உக்கார வெச்சேன். ஒண்ணும் இல்ல. எறக்கி விட்டா மறுபடி, "ஆயி!" மறுபடி ஓட்டம். கதை சொன்னேன், பாட்டுப் பாடினேன், நானே முக்கியும் காட்டினேன். அஞ்சு தடவ. ஒவ்வொரு தடவையும் இன்னும் பெரிசா அழுதானே தவிர, காரியம் நடக்கல. ஆறாவது தடவை பாத்ரூம் கதவைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு வர மாட்டேன்னுட்டான். சரின்னு விட்டுட்டு, காலிங் பெல் சத்தம் கேட்டு வாசல் பக்கம் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள சோபாவுக்குப் பின்னாடி எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லல!

தரையைத் தொடச்சிட்டு தங்கமணிக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"ஏங்க, ஆயின்னா மராத்தியில அம்மா. மௌஷி பொண்ணு லீவு நாள்ல கூட வருவாளே, அவ கூப்பிடுறதைப் பாத்துப் பழகிட்டான். என்னையும் அப்படித்தான் கூப்பிடுறான், ஒரு மாசமா."

பிள்ளை காலையிலேருந்து அம்மாவைத் தேடி அழுதிருக்கு. நான் அஞ்சு தடவை கக்கூஸ்ல கொண்டு போய் உக்கார வெச்சிருக்கேன். ஒரு மாசமா இந்த வார்த்தை வீட்ல ஓடுது, எனக்குத் தெரியல. புனே வந்து ஆறு வருஷம் ஆச்சு. எனக்குத் தெரிஞ்ச மராத்தி ஆட்டோக்காரர்கிட்ட பேசுற நாலு வார்த்தை. பையனுக்குத் தமிழ் வரலன்னு சட்டம் போட்டவன், அவன் அழுகை என்ன பாஷைன்னு கேட்டுக்கவே இல்ல.

சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா கால். வழக்கமா வர்ற நேரம். ரெண்டு நிமிஷத்துல வெச்சுடுவாங்களோன்னு பயந்துக்கிட்டு, முந்திக்கிட்டு இந்தக் கதையச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

"ஏண்டா, ஆயின்னா நம்ம ஊர்லயும் அம்மாதானடா! அப்பாயின்னா வேற என்ன? அப்பாவோட ஆயி. உங்க அப்பா கடைசி வரைக்கும் அவங்க அம்மாவ ஆயின்னுதான கூப்பிட்டாரு!"

முப்பத்தஞ்சு வருஷமாச் சொல்ற வார்த்தை. ஒரு நாளும் பிரிச்சுப் பாத்ததில்ல.

அம்மா அதோட விடல. போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டு வந்து, "தங்கம், பால் நக்கோவா?"ன்னாங்க. பையன் அப்படியே நின்னுட்டான். நான் அதுக்கு மேல.

எதிர் வீட்டு ராவ் மாமிகிட்ட கேட்டு வெச்சிருக்காங்க! தஞ்சாவூரை 1855 வரைக்கும் ஆண்டது மராத்திய ராஜாக்கள்தானே. பெரிய கோவில் சுவர்ல சரபோஜி 1803-ல வெட்டி வெச்ச மராத்திக் கல்வெட்டு இன்னிக்கும் இருக்கு. அந்தக் காலத்துல வந்த குடும்பங்கள்ல இப்பவும் வீட்ல மராத்திதான். மாமி வீட்லயும் நக்கோன்னா வேண்டாம்தானாம். பொங்கல் அன்னிக்குப் பால் சாக்குச் சொல்லி வெச்சவங்க, மறுநாளே எதிர் வீட்டுப் படியேறியிருக்காங்க.

"நக்கோ!"ன்னு கத்தினான் பையன், வாயெல்லாம் பல்லா. "பிக்கிட் பாயிஜே!"

"பாயிஜேன்னா என்னடா? மாமி இன்னும் அது வரைக்கும் வரல."

"வேணும்னு அர்த்தம்மா"ன்னு சொன்னேன், ஏதோ பெரிய பண்டிதர் மாதிரி. பாய் விரிச்ச கதையை மட்டும் சொல்லல.

அன்னிக்கு இருபத்தஞ்சு நிமிஷம் பேசினாங்க. நடுவுல அவனுக்கு அப்பாயின்னு சொல்லவும் வந்துச்சு. அடுப்புல பால் எதுவும் இல்ல. என் சட்டம் அன்னிக்கு ஆறு மணியோட வாபஸ்.

ராத்திரி பத்து மணிக்குத் தங்கமணி கதவைத் தொறந்தாங்க. தூங்காம உக்காந்திருந்த வாண்டு, "ஆயீஈஈ!"ன்னு கத்திக்கிட்டே ஓடினான்.

நான் பழக்க தோஷத்துல பாத்ரூம் லைட்டைப் போட்டேன்.