விழுந்தவரைத் தாங்கும் கைகள்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். தொண்டை நாட்டின் பாடல் பெற்ற தலங்களில் ஒன்றான திருமாகறலீஸ்வரர் கோயில் இந்த ஊரில்தான் இருக்கிறது. பொன்னிற உடும்பாக வந்த இறைவனை ராஜேந்திர சோழனின் ஆட்கள் துரத்தினார்கள்; உடும்பு புற்றுக்குள் புகுந்துகொண்டது; புற்றைத் தோண்டியபோது ஆயுதம் வாலில் பட்டு ரத்தம் பெருகியது என்கிறது தலபுராணம். லிங்கத் திருமேனியும் உடும்பின் வால் போலத்தான் இருக்கிறது. அடிபட்ட சாமி என்பதாலோ என்னவோ, எலும்பு முறிந்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் குணமாக வேண்டி இங்கே வருகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் தனியாக வந்துவிட முடியாது. யாராவது ஒருவர் தோள் கொடுத்துத்தான் சன்னதி வரை அழைத்து வரவேண்டும். அந்தத் தோள் யாருடையது என்பதில்தான், அடிபட்டவரின் மீதி வாழ்க்கை இருக்கிறது.

விவசாயக் குடும்பங்களுக்கு இந்த ஆபத்து தூரத்தில் இல்லை. தென்னை, பனையிலிருந்து தவறி விழுவது, கிணற்று மேட்டில் சறுக்குவது, வரப்பில் டிராக்டர் கவிழ்வது, நெல் மூட்டையோடு வண்டியிலிருந்து விழுவது என்று எத்தனையோ வழிகள். கை, கால் முறிந்தால் சில மாதங்களில் எழுந்துவிடலாம். தண்டுவடம் நசுங்கிவிட்டால் கதையே வேறு.

விழுந்தவரைப் பார்த்ததும் பதறி ஓடிவந்து, ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுபோவதுதான் நம் ஊர் வழக்கம். அன்போடு செய்கிற இந்தக் காரியமே சில சமயம் கேடாக முடிகிறது. எலும்பு மட்டும் விலகி, தண்டுவடம் தப்பித்திருந்தால், அந்தக் குலுக்கலில் அதுவும் போய்விடலாம். 108-க்குச் சொல்லிவிட்டு, கழுத்தும் முதுகும் அசையாமல் படுத்த வாக்கிலேயே வைத்திருப்பதுதான் சரி. வேறு வழியே இல்லாமல் நகர்த்த வேண்டியிருந்தால், நாலைந்து பேர் சேர்ந்து, தலை, முதுகு, இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி உருட்டி, பலகையில் படுக்க வைக்க வேண்டும். புத்தூர் கட்டுக்குப் போவது வடமாவட்டங்களில் பலருக்கும் பழக்கம். முதுகிலும் கழுத்திலும் அடிபட்டவரை அங்கே கொண்டுபோய் நேரத்தைக் கழிக்கக் கூடாது. நேராகப் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

இதெல்லாம் முதல் நாள் வேலை. அதற்குப் பிறகு வருகிற ஆயிரம் நாள்களை எப்படிக் கடப்பது என்பதற்கு நம் மாநிலத்திலேயே இரண்டு பேர் வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

தென்காசி பக்கத்தில் உள்ள ஆய்க்குடியைச் சேர்ந்தவர் எஸ்.ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூரு போனார். 1975 ஜனவரி 10-ம் தேதி, உடல்திறன் சோதனையின்போது மரத்திலிருந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. ராணுவ மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை கொடுத்தவர் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். பிறகு சொந்த ஊருக்கே திரும்பினார் ராமகிருஷ்ணன். 1981-ம் ஆண்டு, உலகம் முழுக்க மாற்றுத்திறனாளிகள் ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது, ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். தன்னைப் பார்த்துக்கொண்ட மருத்துவரின் நினைவாக அதற்கு ‘அமர் சேவா சங்கம்’ என்று பெயர் வைத்தார். வைத்தியம் பார்த்தவர்மீது ஒருவருக்கு எத்தனை நன்றி இருந்தால், ஒரு நிறுவனத்துக்கே அவர் பெயரை வைப்பார்!

1992-ல் அவரோடு வந்து சேர்ந்தார் எஸ்.சங்கரராமன். சிறு வயதிலேயே தசைச்சிதைவு நோய் கண்டவர். பட்டயக் கணக்காளராகத் தொழில் செய்துகொண்டிருந்தவர், ஆய்க்குடிக்கே வந்துவிட்டார். சக்கர நாற்காலியில் இருக்கும் இரண்டு நண்பர்கள் சேர்ந்து, பல்லாயிரம் பேர் எழுந்து நிற்கக் காரணமாக இருந்தார்கள். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இன்னொருவர் வேலூரில் வாழ்ந்தவர். சி.எம்.சி. மருத்துவமனையின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-ல் நண்பர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளாகி, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். முகத்திலும் பலத்த காயம். மருத்துவத் தொழில் முடிந்துபோனது என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கே எலும்பு அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தவர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சை செய்து சீராக்குவதில் பெயர் பெற்றவர். கையில் செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று மேரி வர்கீஸுக்கு வழி காட்டினார். அவரும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கத்தியைப் பிடித்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் பழகித் திரும்பினார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தார். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். இன்றைக்கும் மரத்திலிருந்து விழுந்த எத்தனையோ குடும்பத் தலைவர்கள், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதை அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள். மாகறல்காரர்களுக்கு அது எட்டாத தூரமில்லை.

இரண்டு பேர் கதையிலும் ஒன்று பொது. ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டுப் போகாமல், ‘உன்னால் இது முடியும்’ என்று வேலையைக் கையில் கொடுக்க ஆள் இருந்தது.

வீட்டில் இருப்பவர்கள் செய்யவேண்டியதும் கைவேலைதான். தண்டுவடம் அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்வு இருக்காது. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால், எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். வலி தெரியாததால் அவருக்கே அது தெரியாது. படுக்கைப்புண் வந்து, சீழ் பிடித்து, உயிரையே எடுத்துவிடும். அதனால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தினமும் காலையும் மாலையும் இடுப்பின் அடிப்பகுதி, பக்கவாட்டு இடுப்பு எலும்பு, குதிகால், முழங்கை ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். புறங்கையை வைத்தால் சூடு தெரியும். சிவந்தோ, கறுத்தோ, சூடாகவோ இருந்தால் அந்தப் பக்கம் படுக்க விடக் கூடாது. அந்த இடத்தைத் தேய்க்கவும் கூடாது. அவருடைய உடம்புக்குத் தெரியாத வலியை மனைவியின் கைதான் கண்டுபிடிக்கிறது. தொட்டுக் குணமாக்குவது என்றால் இதுதான்.

ஒத்தடமும் அப்படித்தான். உணர்வில்லாத காலில் வெந்நீர்ப் பையை வைத்தால் வெந்துபோவதுகூடத் தெரியாது. பாசத்தோடு செய்கிற எதையும் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

இரவும் பகலும் புரட்டிப் போடுகிற மனைவிக்கோ அம்மாவுக்கோ முதுகு ஒடிந்துபோகும். அதை யாரும் கேட்பதில்லை. இங்கேதான் சிநேகிதர்கள் வேண்டும். அடிபட்ட முதல் வாரம் ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வீடு நிறையும். மூன்றாவது மாதம் வாசலில் செருப்பே இருக்காது. ஆள் தேவைப்படுவது அப்போதுதான். வாரத்துக்கு இரண்டு நாள் சாயங்காலம் ஒருவர் வந்து, ‘நான் பார்த்துக்கிறேன்மா, நீங்க போய்க் கொஞ்சம் கண்ணயருங்க’ என்று சொன்னால், அந்த வீடு நிமிர்ந்துவிடும். நடவுக்கு ஆள் சேர்ப்பது, முறைத் தண்ணீர் பாய்ச்சுவது, மாட்டுக்குத் தீவனம் போடுவது என்று பங்கு போட்டுக்கொண்டால், நிலம் தரிசாகாது; கடனும் ஏறாது.

அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. அவரிடம் யோசனை கேட்பது. எந்த விதை எடுக்கலாம், நாற்றுக்கு எத்தனை நாள் ஆச்சு, இலை ஏன் மஞ்சளடிக்குது என்று ஒரு பிடி பயிரைப் பிடுங்கிக்கொண்டு போய் அவர் கையில் கொடுக்க வேண்டும். விரல் மடங்காவிட்டால் கண் எதிரே பிடித்துக் காட்ட வேண்டும். முப்பது வருஷம் மண்ணைப் பார்த்த அனுபவம் தண்டுவடத்தில் இல்லை. அது அப்படியே இருக்கிறது. பயிரைப் பார்த்துவிட்டு, ‘துத்தநாகம் பத்தலைடா, நாளைக்கே போடு’ என்று அவர் அதட்டுகிற அன்றைக்கு, அவர் மறுபடியும் விவசாயி.