பொட்டு, பனியன், எட்டு செகண்ட்

போன வாரம் வீட்டில் பாத்ரூம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினோம். பழசின் ஓரத்தில் அம்மா எப்பவோ ஒட்டி வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஏழெட்டு. எல்லாம் மெரூன், வெல்வெட்டு மாதிரி. கோந்து காய்ந்து போயிருந்தது. ஆனா மேலே இருந்த பூனைமயிர் ஒண்ணுகூட உதிரலை. விரலால தடவிப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டேன். "என்னங்க, அத்தை ஞாபகமா?"ன்னு வீட்டம்மா கேட்டாங்க. ஆமான்னு சொல்லி வெச்சேன். உண்மையில எனக்கு ஞாபகம் வந்தது அம்மா இல்லை, திருப்பூரில் ஒரு பிரிண்டிங் மாஸ்டர்.

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச விஷயம். கொஞ்சம் தொழில் பாடம் வரும், பொறுத்துக்குங்க மக்களே.

அந்தப் பொட்டு, நகைப்பெட்டிக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் தட்டு, குழந்தைங்க பனியன்ல மெத்துன்னு இருக்கிற கரடி பொம்மை, எல்லாம் ஒரே சாதி. நெய்த வெல்வெட் கிடையாது. ரேயான் இல்ல நைலான் இழையை அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர்னு பொடிப்பொடியா வெட்டி, பசை தடவின இடத்துல நட்டு வைக்கிறது. நாத்து நடற மாதிரின்னு வைங்க. அந்தப் பொடிக்குத்தான் ஃப்ளாக்குன்னு பேரு. சும்மா தூவினா படுத்துக்கும். அதனால 40,000 வோல்ட், 60,000 வோல்ட்டுன்னு மின்சாரம் ஏத்துவாங்க. கரண்ட் என்னமோ ரொம்பக் கொஞ்சம்தான், ஆனா அந்த அழுத்தத்துல ஒவ்வொரு இழையும் விறைப்பா நின்னு நேரா பசைக்குள்ள போய்க் குத்தும். முதல் தடவை பக்கத்துல நின்னு பார்த்தப்ப என் கைமயிரும் சேர்ந்து எழுந்து நின்னுச்சு. மாஸ்டர் சிரிச்சார்.

நான் அங்கே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பேர் வேண்டாம். மாஸ்டர் பிரிண்டிங் செக்‌ஷன். என்னைவிட பதினஞ்சு வயசு மூத்தவர், ஆனாலும் "தம்பி, வாங்க"ன்னுதான் கூப்பிடுவார்.

பனியன் துணியிலேயே நேரா ஃப்ளாக் அடிக்கலாம். ஆனா ஒரு பீஸ் கெட்டா பனியனே போச்சு. மாஸ்டர் டிரான்ஸ்ஃபர்தான் செய்வார். வழவழப்பு ஏத்தின பேப்பர்ல, பிடிச்சும் பிடிக்காத மாதிரி ஒரு பசையை டிசைன் அளவுக்கு ஸ்கிரீன்ல அடிப்பார். அது மேல ஃப்ளாக் ஏத்துவார். ரெண்டு மூணு கலர்னா ஒவ்வொண்ணா. காய்ஞ்சதும் ஒட்டாத பொடியை உறிஞ்சி எடுத்துடணும். அப்புறம் நிக்கிற மயிர் நுனி மேல இன்னொரு பசை. அது ஈரமா இருக்கும்போதே மேல ஒரு பவுடர் தூவுவார், சூட்டுல உருகி ஒட்டுற பாலிமைடு பவுடர். மிச்சத்தை உதறிட்டு ஓவன்ல வேக வைப்பார். அதைக் கவுத்துப் பனியன் மேல வெச்சு, ஹீட் பிரஸ்ல 160 டிகிரியில 15 செகண்ட் அமுக்கி, ஆறின பிறகு பேப்பரை உரிச்சா கரடி வந்துடும். பேப்பர்ல ஒட்டியிருந்த நுனிதான் இப்ப மேல் பக்கம். அதனால டிசைனைக் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திருப்பி அடிக்கணும். ஒருதடவை நான் ஃபிலிமைத் திருப்பாம அனுப்பி, இங்கிலீஷ் எழுத்தெல்லாம் ஆம்புலன்ஸ் முன்னாடி எழுதின மாதிரி வந்துச்சு. மாஸ்டர் யார்கிட்டயும் சொல்லலை.

வெயில் காலத்துல காத்து வறண்டு போனா ஃப்ளாக் சரியா எம்பாது. அப்ப நனைச்ச சாக்கைத் தரையில விரிச்சுப் போடுவார். "காத்துக்கும் கொஞ்சம் தண்ணி காட்டோணுமுங்க தம்பி"ம்பார். அப்ப எனக்கு வேடிக்கையா இருக்கும். ஈரப்பதம் 60 சதவீதம் வாக்குல இருந்தா ஃப்ளாக் நல்லா ஏறும்னு பின்னாடிதான் படிச்சேன்.

2004. குழந்தைங்க டி-ஷர்ட், 12,000 பீஸ், நெஞ்சுல கரடி. சாம்பிள் வாஷ் டெஸ்ட் பாஸ். டிரான்ஸ்ஃபர் மொத்தமும் மாஸ்டர் செஞ்சு முடிச்சுட்டார், பிரஸ்ல அடிக்கிறதுதான் பாக்கி. அன்னிக்குப் பார்த்து பங்காளி வீட்டுல எழவுன்னு ஊருக்குப் போயிட்டார். போகும்போது சொன்னது இது மட்டும்தான்: "முதல்ல வெறும் பனியனை அஞ்சு செகண்ட் அமுக்கி ஈரத்தை எடுத்துப்போடுங்க. அப்புறம் பதினஞ்சு. கொறைக்காதீங்க தம்பி."

மூணு மிஷின். எடுக்க வைக்க எல்லாம் சேர்த்து பீஸுக்கு 40 செகண்ட். கணக்குப் போட்டா 44 மணி நேரம். லாரி கிளம்ப இருந்தது 32 மணி நேரம். விட்டா ஏர்ல அனுப்பணும், அந்தச் செலவுக்கு முதலாளி என்னைத்தான் கேட்பார். ஈரம் எடுக்கிற அஞ்சு செகண்டைத் தூக்கினேன். பதினஞ்சை எட்டாக்கினேன். பீஸுக்கு 28 செகண்ட் ஆச்சு, 31 மணி நேரத்துல முடிஞ்சுது. பார்க்க அச்சு அசலா அப்படியே இருந்துச்சு. நகத்தால சுரண்டிக்கூடப் பார்த்தேன், வரலை.

பவுடர் மேலால உருகியிருக்கு, துணி இழைக்குள்ள இறங்கலை. அவ்வளவுதான் விஷயம். அங்கே போய் மூணாவது துவைப்புல கரடிக்குக் காது போச்சு, அப்புறம் முகம் போச்சு. மொத்த லாட்டுக்கும் கிளெய்ம்.

முதலாளி ரூம்ல நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். மாஸ்டர் மட்டும் நின்னுட்டிருந்தார். "என்னய்யா ஆச்சு?"ன்னு முதலாளி பொதுவாத்தான் கேட்டார். நான்தான் முதல்ல வாயைத் திறந்தேன். "டிரான்ஸ்ஃபர்ல ஏதோ குறை சார். பவுடர் சரியா வேகலை போல."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. அடுத்த வாரம் அவர் இல்லை.

அதுக்கப்புறம் நான் ரெண்டு கம்பெனி மாறினேன், இன்க்ரிமென்ட் வாங்கினேன், கல்யாணம் பண்ணினேன். நடுவுல ஒருநாள் நெட்டில் மேயும்போது அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல நடந்ததைப் படிச்சேன். நைலான் ஃப்ளாக் ஆலையில வேலை செஞ்சவங்களுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருக்கு. 1990கள்ல டாக்டர்கள் அதைக் கண்டுபிடிச்சு, ஃப்ளாக் தொழிலாளி நுரையீரல்னே பேர் வெச்சிருக்காங்க. கண்ணுக்குத் தெரியுற பொடி இல்லையாம் காரணம், வெட்டும்போது சிதறுற அதைவிட நுண்ணிய துணுக்கு. ஏர் பைப் வெச்சு மிஷினை ஊதிச் சுத்தம் பண்றதும் அதைக் கிளப்பி விடுமாம். மாஸ்டர் தினமும் சாயந்தரம் ஏர் பைப்தான் பிடிப்பார். மூக்குல கைக்குட்டை. அவருக்கு ஒரு வறட்டு இருமல் இருந்துச்சு. பீடின்னு நினைச்சுட்டிருந்தேன். ஆனா அவர் பீடி குடிச்சு நான் பார்த்ததில்லை.

அன்னிக்கு ராத்திரி தூங்கலை.

2011ல கோயமுத்தூர்ல ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறைக்கு வேற வேலையாப் போனப்ப அவரைப் பார்த்தேன். தலை நரைச்சிருந்தது. "தம்பி, வாங்க வாங்க!" அதே குரல். கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போனார். முகத்துல சரியான மாஸ்க், ஊதற பைப்புக்குப் பதிலா உறிஞ்சற மிஷின். இருமல் பத்திக் கேட்டேன். "அது பனிக்காலத்துல வருமுங்க"ன்னு முடிச்சுட்டார்.

அவர் செஞ்சிட்டிருந்தது எனக்குப் புதுசு. பெட்டி மூடி அச்சுக்குள்ள டிரான்ஸ்ஃபரை வைக்கிறார். பேப்பர் பக்கம் அச்சுச் சுவரைப் பார்த்து, பின்பக்கம் உள்ளே பார்த்து. பின்பக்கத்துல அதே பிளாஸ்டிக்ல ஒரு மெல்லிசு படலம், இல்லேன்னா பாலிபுரோப்பிலின் எதுகூடவும் ஒட்டாது. அச்சு மூடி, 200 டிகிரிக்கு மேல உருகின பிளாஸ்டிக் உள்ளே பாயுது. அந்தச் சூடே ஒட்ட வைக்குது, தனியா பிரஸ் கிடையாது. மயிர் கருகாதான்னு கேட்டேன். அச்சுச் சுவருக்குள்ள தண்ணி ஓடுதாம், மயிர் குளிர்ந்த பக்கமா இருக்காம், மேல பேப்பர் வேற காவலுக்கு. அச்சு திறந்ததும் பேப்பரை உரிச்சார். பச்சையும் நீலமுமா ஒரு மயில்.

அதைக் கையில வெச்சுக்கிட்டே சொல்லிட்டேன். "மாஸ்டர், அன்னிக்கு டிரான்ஸ்ஃபர்ல குறை இல்லீங்க. நான்தான் எட்டு செகண்ட் வெச்சேன்."

"தெரியுமுங்க தம்பி. எழவு முடிஞ்சு வந்தன்னிக்கே பார்த்தனே. டைமரை நீங்க திருப்பி வெக்க மறந்துட்டீங்க."

"அப்புறம் ஏனுங்க ஒண்ணும் சொல்லலை?"

கொஞ்ச நேரம் மிஷினையே பார்த்துட்டிருந்தார். "சொன்னா மட்டும் முதலாளி நம்பியிருப்பாருங்களா? நீங்க உட்கார்ந்திருந்தீங்க, நான் நின்னுட்டிருந்தேன்."

அடுத்த மூடிக்கு நேரமாச்சு. அவர் டிரான்ஸ்ஃபரை எடுத்து அச்சுக்குள்ள வெச்சு நாலு மூலையும் விரலால ஒருதரம் தடவிட்டு, என்னைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொன்னார்.