எட்டுக்கு எட்டில் ஒரு கழுகு

விளையாட்டு இயந்திரம் என்றால் இன்று எல்லோருக்கும் தெரியும். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் ஒரு கருவியைப் பிடித்தபடி, சாப்பிடக் கூப்பிட்டால் காது கேளாமல் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களே, அந்தச் சமாசாரந்தான். ஆனால் அதில் ஓடும் விளையாட்டை உண்டாக்குகிறவர்களுக்கென்று தனியாக இன்னோர் இயந்திரம் உண்டு என்பது பலருக்குத் தெரிந்திராது. அதை 'டெவலப்மெண்ட் கிட்' என்பார்கள். கடையில் விற்கிற இயந்திரம் கம்பெனியின் முத்திரை விழுந்த விளையாட்டை மட்டுமே ஏற்கும். நீங்களும் நானும் எழுதியதைக் கொண்டுபோய் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. 'கிட்' அப்படியல்ல. எழுதுகிறவன் கொடுத்ததை வாங்கி ஓட்டிப் பார்க்கும். நில் என்றால் நடுவழியில் நிற்கும். எந்த வரியில் இடறி விழுந்தோம் என்று காட்டிக் கொடுக்கும்.

அதைச் சம்பாதிப்பது பெரிய இடத்தில் சம்பந்தம் பேசப் போவது மாதிரி. முதலில் கம்பெனிக்கு விண்ணப்பம் போடவேண்டும். நீங்கள் யார், இதற்கு முன் என்ன செய்திருக்கிறீர்கள், இனி என்ன செய்ய உத்தேசம் என்றெல்லாம் விசாரிப்பார்கள். பிறகு இரகசியம் காப்பதாக ஓர் ஒப்பந்தம். அதில் கையெழுத்துப் போட்ட பிறகே பெட்டியும் அதற்குரிய மென்பொருளும் கைக்கு வரும். வந்ததைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது.

இந்த வாசலுக்குள் நுழைந்த நம்மவர்கள் இல்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் இருந்த அரோனா டெக்னாலஜீஸ் என்ற நிறுவனம் பிளேஸ்டேஷன் 2க்காக 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற விளையாட்டைச் செய்தது. அதே ஊர் கேம்சாஸ்த்ரா, கபடியையும் காற்றாடியையும் 'தேசி அட்டா' என்ற பெயரில் அந்த இயந்திரத்துக்குள் கொண்டுபோயிற்று. 2023இல் கனடாவின் டொரோண்டோ நகரிலிருந்து 'வெண்பா' வந்தது. குடியேறிய ஒரு தமிழ்த்தாய் இட்லி வார்ப்பதை ஜப்பானியர் இயந்திரத்திலும் அமெரிக்கர் இயந்திரத்திலும் உலகமே விளையாடிப் பார்த்தது. கம்பெனிக்காரர்களும் எப்போதும் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1990களின் நடுவில் சோனி நிறுவனம் 'நெட் யாரோஸ்' என்ற கறுப்புப் பெட்டியைத் தனி மனிதர்களுக்கே விற்றது. 2016 முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன் இயந்திரத்தைக் கடையில் வாங்கியபடியே எழுதுகிறவனுக்கான இயந்திரமாக மாற்றிக்கொள்ள மைக்ரோசாப்ட் வழிவிட்டது.

இத்தனை விவரமும் எனக்கு எப்படித் தெரியும் என்று நேயர்கள் சந்தேகப்படுவது நியாயம். எல்லாம் எதிர்வீட்டுப் பையன் சொல்லிக் கொடுத்தது. பதினோராம் வகுப்பு படிக்கிறான். திருக்கழுக்குன்றத்தில், செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், எங்கள் தெரு. அவனுக்குச் சம்பந்தம் பேச வசதியில்லை. எக்ஸ்பாக்ஸும் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று: அவன் மாமன் சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியபோது கொண்டுவந்த சாம்பல் நிறக் 'கேம் பாய்'. 1989இல் நின்டெண்டோ வெளியிட்ட கைப்பெட்டி. தடித்த சோப்புப் பெட்டி போல இருக்கும். திரையில் வண்ணம் கிடையாது. பாசி நிறத்தில் நாலு சாயல், அவ்வளவுதான்.

"தாத்தா, இதுக்கு நாமே கேம் எழுதலாம். கிட் சும்மாவே கிடைக்குது" என்றான் ஒரு நாள்.

சும்மா கிடைப்பது எதுவும் எனக்கு உடனே நம்பிக்கை தருவதில்லை. ஆனால் பையன் சொன்னது உண்மை. கம்பெனி கொடுத்த கிட் அல்ல அது. 1990களில் பாஸ்கல் பெல்பர், மைக்கேல் ஹோப் முதலியோர் தாங்களாகவே எழுதி ஊருக்கு விட்டது. பிற்பாடு வேறு சில ஆர்வலர்கள் தூசி தட்டிச் செப்பனிட்டு 'ஜி.பி.டி.கே. 2020' என்று பெயர் வைத்தார்கள். சம்பளம் இல்லாமல், முகம் தெரியாத பிள்ளைகளுக்காக இப்படி உழைக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

கணினி வேண்டுமே? 2011இல் அரசு ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவன் அக்காவுக்குக் கிடைத்தது பரண்மேல் இருந்தது. பாட்டரி செத்துவிட்டது, மின்சாரக் கம்பியை உருவினால் உயிர் போய்விடும். இந்த வேலைக்கு அது தாராளம். ஏனென்றால் கேம் பாயின் வேலை நினைவகம் மொத்தமே 8 கிலோபைட். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரை அதில் அடங்காது. சாதாரண கார்ட்ரிட்ஜ் ஒன்றில் 32 கிலோபைட். அதிலும் இது முழுக்க இடங்கொள்ளுமா என்பது சந்தேகம்.

செல்போனிலிருந்து இணையத்தைக் கடன் வாங்கி, சுருட்டி வைத்திருந்த கோப்பை இறக்கிப் பிரித்தான். முதல் நாள் ஒன்றும் ஓடவில்லை. அடைவின் பெயரில் இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே இடம் விட்டிருந்தான். இம்மாதிரிக் கருவிகளுக்கு அந்த இடைவெளி ஆகாதாம். இடைவெளியை எடுத்ததும் ஓடிற்று. பழைய நாளில் அச்சாபீஸில் கம்பாஸிட்டரோடு மல்லுக்கு நின்றவன் நான். எனக்கு இது பரிச்சயமான உலகமாகவே பட்டது. பையன் 'சி' மொழியில் எழுதுகிறான். அதை 'கம்பைலர்' வாங்கி இயந்திரம் படிக்கும் எண்களாகக் கோக்கிறது. 'லிங்கர்' துண்டு துண்டாய் வந்த பாரங்களை ஒன்றாகத் தைத்துக் கட்டுகிறது. ஒரே ஒரு வித்தியாசம். நான் அரைப்புள்ளியை விட்டுவிட்டால் கம்பாஸிட்டர் தானே போட்டுக்கொள்வார்; கம்பைலரோ அரைப்புள்ளி இல்லாவிட்டால் வேலைநிறுத்தம் செய்கிறது.

வாசல் காவலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேம் பாயை முடுக்கியதும் நின்டெண்டோவின் பெயர் மேலிருந்து மெதுவாக இறங்கி 'டிங்' என்று ஓசை வருகிறதல்லவா? அழகுக்காக என்றுதான் நானும் நினைத்தேன். அது காவற்காரன் அடையாளம் கேட்கிற நேரம். அந்தப் பெயரின் சித்திரம் 48 பைட்டுகளாகக் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்க வேண்டும். இயந்திரம் தன்னிடமுள்ள பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு புள்ளி மாறினாலும் அப்படியே நின்றுவிடும். பிறர் அந்தச் சித்திரத்தைத் தங்கள் கார்ட்ரிட்ஜில் வைத்தால், வணிக முத்திரையைத் திருடினாய் என்று வழக்குப் போடலாம் என்பது திட்டம். ஏறத்தாழ இதே மாதிரியான பூட்டு ஒன்றைப் பற்றிய வழக்கில், உள்ளே போக வேறு வழி வைக்காதபோது முத்திரையைக் காட்டியது குற்றமல்ல என்று 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே இழுபட்டது செகா என்ற வேறு கம்பெனி.

சரி, கிட் வந்தாயிற்று. என்ன விளையாட்டு எழுதுவது? துப்பாக்கி, கார் பந்தயம் என்று ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

"மலை ஏறணும். மேலே போய்க் கழுகுக்குச் சோறு வைக்கணும்" என்றான்.

எங்கள் ஊர்ப் பெயருக்கே காரணமான கழுகுகள். வேதகிரி மலைமேல் தினமும் உச்சி வேளையில் இரண்டு பறவைகள் வரும். காசியில் குளித்துவிட்டு வருவதாக ஐதிகம். பாறையின்மேல் அமர்ந்திருக்கும் குருக்களின் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் பறந்துபோகும். வெள்ளை உடல், கறுப்பு இறக்கை நுனி, மஞ்சள் முகம். பறவை நூலார் மஞ்சள்முகப் பாறு என்பார்கள். 1998க்குப் பிறகு அவை வரவில்லை. தேசமெங்கும் கழுகு இனமே மளமளவென்று அருகிப்போன காலம் அது. பையன் பிறந்தது அதற்கு எத்தனையோ வருஷம் பின்னால். அவன் ஆயா அடிவாரத்தில் பூக்கட்டி விற்றவர். அந்தப் பறவைகளை ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பார். பையனுக்குக் கழுகு என்பது ஆயா சொன்ன வார்த்தை மட்டும்.

கேம் பாயில் எந்தப் படமும் எட்டுப் புள்ளிக்கு எட்டு வரிசைக் கட்டங்களாகத்தான் வர வேண்டும். அம்மாவின் கோல நோட்டில் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டான். நாலு கட்டம் சேர்ந்தது ஒரு கழுகு. ஆயா பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொன்னார். "கழுத்து இவ்ளோ நீளம் ஏது? கொக்காடா அது?" என்றார். மூன்று பக்கம் கிழிந்த பிறகு ஒரு கழுகு ஒப்புதலாயிற்று.

அதைத் திரையில் ஏற்றினால், மலைக்கு முன்னால் இரண்டு கறுப்புத் துண்டுகள் மட்டும் பறந்தன! உடலைக் காணோம். பின்னணிச் சித்திரத்தில் நாலு சாயலையும் பயன்படுத்தலாம்; நகரும் உருவத்துக்கோ சுழியம் என்ற சாயல் கண்ணாடி மாதிரி, பின்னால் இருப்பது தெரியும். கழுகின் வெள்ளையைச் சுழியத்தில் வைத்திருந்தான். அடுத்த எண்ணை வெள்ளையாக மாற்றியமைத்து, வானத்துக்கும் லேசாகச் சாம்பல் பூசிய பிறகுதான் கழுகுக்கு உடம்பு வந்தது.

எழுத்துச் சங்கடம் வேறு. ஆங்கில எழுத்து ஒரு கட்டத்தில் நன்றாக உட்காரும். நம் 'ழு'வுக்கு நாலு கட்டம் வேண்டியிருந்தது. 247 எழுத்துக்கும் நாலு நாலு என்றால் கிட்டத்தட்ட ஆயிரம். இயந்திரம் வைத்துக்கொள்வது 384. 1978இல் தமிழக அரசு 'லை', 'ணை' முதலியவற்றின் தும்பிக்கையை எடுத்துச் சீர்திருத்தம் செய்ததே, அது இங்கே கொஞ்சம் கைகொடுத்தது. சங்கிலிக் கொம்பை ஒரு தடவை வரைந்தால் எல்லா எழுத்துக்கும் ஆயிற்று. மிச்சத்துக்குப் பையன் வேறு யுக்தி கண்டான். தன் விளையாட்டில் வருகிற வார்த்தைகளுக்குத் தேவையான எழுத்துகளை மட்டும் வரைந்தான். ஆகவே அந்த விளையாட்டில் 'ஞ' கிடையாது. வசனத்தைச் சுருக்கச் சொல்லி ஆசிரியர்கள் எனக்கு எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரு எழுத்தையே விட்டுவிட்டு எழுதச் சொன்னவர் யாருமில்லை.

கணினிக்குள் கேம் பாய் போல நடிக்கும் 'எமுலேட்டர்' என்ற மென்பொருளில் எல்லாம் ஒழுங்காகவே ஓடிற்று. மறுபடி மறுபடி எழுதக்கூடிய கார்ட்ரிட்ஜ் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தேன். அதில் ஏற்றி நிஜப் பெட்டியில் போட்டால் படிகள் சிதறிக் கிடந்தன. இதற்கு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். திரைக்குப் படம் போடும் நேரத்தில் பட நினைவகத்தை யாரும் தொடக் கூடாது. தொட்டால் இயந்திரம் காதில் வாங்காது. ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குமுன், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான ஓர் இடைவெளி வரும். அதற்குள் மாற்ற வேண்டியதை மாற்றிவிட வேண்டும். சந்நிதியில் திரை போட்டுவிட்டு அலங்காரம் செய்வதில்லையா, அந்த மாதிரி. நடிக்கும் மென்பொருள் இதைக் கண்டும் காணாமலும் விட்டிருக்கிறது.

படிகள் ஒழுங்காயின. மலை உச்சியில் சோறு வைத்ததும் கழுகு வந்து இறங்கியது. பையன் பெருமையோடு ஆயாவிடம் நீட்டினான். ஆயா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வெச்ச உடனே வந்துடுமா? நாய்க்குட்டியா அது? ஜனமெல்லாம் வாயை மூடிக்கிட்டு வெயில்ல குந்திக்கிட்டிருக்கும். அது வரப்போதான் வரும்."

பையன் பதில் பேசவில்லை. அன்றிரவே மாற்றி எழுதினான். சோறு வைத்த பிறகு எந்தப் பொத்தானையும் தொடாமல் இரண்டு நிமிஷம் காத்திருந்தால்தான் கழுகு வரும். நொடிக்கு அறுபது படம். இரண்டு நிமிஷத்துக்குச் சுமார் 7,200. அதை எண்ணிப் பார்க்க ஓர் எண்ணி வைத்தான்.

பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் நாலு பேர் வந்து விளையாடினார்கள். மலை ஏறினார்கள், சோறு வைத்தார்கள். அரை நிமிஷத்தில் ஒருவன், "டேய், இது ஹேங் ஆயிடுச்சுடா" என்று பொத்தான்களை அமுக்கத் தொடங்கினான். மற்றவர்களும் அப்படியே. அவர்கள் போன பிறகு ஆயா வாங்கிக்கொண்டார். பெட்டியை மடியில் வைத்து, கையை எடுத்துவிட்டு, முற்றத்துத் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பத்து நிமிஷமும் ஆயிற்று. சாம்பல் வானம், பாறை, ஒரு பிடி சோறு.

"ஆயா, குடு, ஏதோ தப்பு" என்றான் பையன்.

"இருக்கட்டும்டா கண்ணு. இப்போதான் நம்ம மலை மாதிரி இருக்குது" என்றார் ஆயா. "அது வராம போன வருஷம் நானும் இப்படித்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

தப்பு இருந்தது உண்மை. எண்ணியை ஒரே பைட்டில் வைத்திருந்தான். ஒரு பைட் 255 வரை எண்ணிவிட்டு மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும்; 7,200ஐ எட்டுவது எந்த ஜன்மத்திலும் நடக்காது. இரண்டு பைட்டாக மாற்றுவது ஒரு வார்த்தை வேலை. ஆனால் பையன் இரண்டு நாள் அதை மாற்றவில்லை. என்னிடம் வந்து, "தாத்தா, கழுகு வரணுமா, வேணாமா?" என்று கேட்டான். நான் கதை எழுதுகிறவன். முடிவுகளைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இருக்கும் என்று நினைத்தான் போலிருக்கிறது. வராமல் இருப்பதே உயர்ந்த கலை என்று சொல்ல நாக்குத் துடித்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லையே? ஆயாவைக் கேள் என்று அனுப்பிவிட்டேன்.

ஆயா யோசிக்கவேயில்லை. "வரட்டும்டா. பொட்டியிலயாவது வரட்டும்" என்றாராம்.

மறுநாள் சாயங்காலம் நானும் போயிருந்தேன். ஆயா சோறு வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். நாங்கள் மூவரும் பேசவில்லை. இரண்டு நிமிஷம் என்பது இவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. திரையின் வடக்கு மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றி, வட்டமடித்து, பெரிதாகி, பாறையில் வந்து உட்கார்ந்து சோற்றைக் கொத்தியது. ஆயா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெட்டியை முகத்துக்கு அருகே கொண்டுபோனார்.

"இன்னொண்ணு எங்கடா?" என்றார்.

பையன் மடிக்கணினியின் கம்பியைத் தேட ஆரம்பித்தான்.