பிளாஷ் விளக்கும் பாட்டரியும்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள்" என்பது நம் நாட்டுப் பழமொழி. புகைப்படம் பிடிப்போருள்ளும் இவ்வினத்தார் பலர் உளர். படம் கெட்டுவிடின் காமிராவைப் பழிப்பர், லென்ஸைப் பழிப்பர், மணமேடையை மறைத்து நின்ற உறவினரையும் பழிப்பர். விளக்கினுள் கிடக்கும் நான்கு சிறு செல்களை மட்டும் ஒருவரும் நினையார். யாமும் பல்லாண்டு அக்கூட்டத்தைச் சார்ந்தவராகவே இருந்தோம். அவ்வறியாமை எம்மை விட்டு நீங்கிய வரலாற்றையும், அதன்பின் யாம் கற்றுக்கொண்டவற்றையும், காமிராவிற் பற்றுடைய நம் கல்லூரி மாணவர்க்குப் பயன்படுமெனக் கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காலையில், தானே என்னும் பெரும்புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாய் முறிந்து வயல்களிற் கிடந்தன. 1962-ஆம் ஆண்டு முதல் நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்கி வரும் நெய்வேலி இதே ஜில்லாவில் இருக்க, அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் மண்ணெண்ணெய் விளக்கை நாடி நின்றன. ஊற்றினருகே இருந்தும் நாவறண்டோர் நிலை அது.

புவனகிரிக்கு அருகே எம் மாமனார் ஊர். மாமனார் என்றது எம் அன்னையாரின் தமையனாரை. அவர்தம் மூத்த மகளுக்குத் தை மாதத்தில் திருமணம் குறிக்கப்பட்டிருந்தது. அவ்வூருக்கு மின்சாரம் அதுகாறும் வந்து சேரவில்லை. எனினும், "குறித்த நாளில் நடக்கட்டும், விளக்கில்லாத காலத்திலும் கல்யாணம் நடந்ததுதானே" என்று மாமா உறுதியாய்க் கூறிவிட்டார். படம் பிடிக்கும் பொறுப்பு எம்மைச் சேர்ந்தது.

எம்மிடம் சார்ஜ் செய்யத்தக்க பென்சில் செல்கள் நான்கு இருந்தன. அவற்றைப் புயலுக்கு முன்னரே நிறையச் சார்ஜ் செய்து பெட்டியில் வைத்திருந்தோம். நிறைத்து வைத்த குடம் நிறைந்தே இருக்கும் என்பது எம் எண்ணம். புறப்படும் மாலையில் விளக்கிலிட்டுப் பார்த்தபோதுதான் அக்குடம் ஒழுகுகுடம் என்பது விளங்கிற்று. சார்ஜரோ, புயலன்று கூரை ஒழுகியதில் நனைந்து பாழாகியிருந்தது. கடலூர் பஸ் நிலையத்துப் பெட்டிக்கடை ஒன்றில், சுவர்க்கடிகாரத்துக்கு இடும் மலிவான செல்கள் எட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். செல் என்றால் எல்லாம் செல்தானே என்று எம்மை யாமே தேற்றிக்கொண்டோம்.

முகூர்த்தம் விடியுமுன். வாடகைக்குக் கொணர்ந்த ஜெனரேட்டர் நான்கைந்து குழல்விளக்குகளையே தாங்கிற்று. முதற் சில படங்கள் நன்கு விழுந்தன. பின்னர் விளக்கு மீண்டும் ஆயத்தமாகப் பத்து விநாடி வேண்டியிருந்தது, பின்னர் இருபது, அதற்குமேல் எண்ணுவதை விட்டோம். கெட்டிமேளம் முழங்கிற்று. மணமகன் தாலியை எடுத்தான். மகளின் பின்னே நின்ற மாமா, மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணீர் உகுத்தார். எமது விரல் பொத்தானை அழுத்திற்று, ஒளி எழவில்லை. மீண்டும் அழுத்தினோம்; எழவில்லை. மூன்றாம் முறை பளிச்சென்று எரிந்தபோது மாமா பந்தலை விட்டு வெளியே போய்விட்டார்.

சற்று நேரங்கழித்து, "தம்பி, தாலி கட்டினது விழுந்ததா?" என்று கேட்டார். "விழுந்தது மாமா" என்றோம். அது பொய்.

2014-இல் மாமா காலமானார். படத்துக்கு நிற்பதில் விருப்பமற்றவர். வாக்காளர் அடையாள அட்டையிலுள்ள சிறு முகமன்றி வேறொன்றும் வீட்டில் இல்லை. அவர் மகள் எம்மிடம் வந்து, "அத்தான், அப்பா முகம் தெரியற மாதிரி ஒண்ணுகூட இல்லையா?" என்று வினவினாள். அவ்விருண்ட படத்தைக் கம்ப்யூட்டரில் இட்டு இயன்றமட்டும் வெளிச்சமாக்கிப் பார்த்தோம். மணல் தூவினாற் போன்ற புள்ளிகளினிடையே ஓர் உருவம், வாயருகே ஒரு துண்டு, அவ்வளவே. அதையும் அவள் சட்டமிட்டு மாட்டியிருக்கிறாள். அவ்வீட்டுக்குச் செல்லுந்தோறும் அச்சுவரை நோக்க எமக்குத் துணிவில்லை.

நிற்க. அன்று நிகழ்ந்தது யாதென ஆராயப் புகுந்தோம். ஆதியில் மக்கள் மெக்னீஷியப் பொடியை எரித்தே இருளிற் படம் பிடித்தனர். 1930-ஐ ஒட்டி, ஒருமுறை எரிந்து தீரும் பிளாஷ் பல்புகள் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தன. 1930-களில் அமெரிக்க நாட்டுப் பேராசிரியர் ஹரால்டு எட்ஜர்டன், வாயு நிறைத்த குழாயில் மின்சாரத்தைக் கணப்பொழுதிற் பாய்ச்சி, மீண்டும் மீண்டும் ஒளிரும் விளக்கை வளர்த்தெடுத்தார். இன்றைய பிளாஷ் அதன் வழித்தோன்றலே. செல்கள் தரும் சில வோல்ட்டை உள்ளிருக்கும் கருவி ஏறத்தாழ 300 வோல்ட்டாக உயர்த்திக் கண்டென்ஸர் என்னும் கொள்கலத்தில் சேர்க்கிறது. அது நிறைந்தபின்னரே செனான் குழாய் ஒளிரும். ஒளியோ விநாடியில் ஆயிரத்தொரு பங்கு போன்ற சிறுபொழுது. அதனை நிறைக்கவோ பல விநாடி. அன்று எமக்கு நேர்ந்த இழவு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நேர்ந்ததே.

அக்காலத்தைக் குறைப்பது செல்லின் உள்தடையைப் பொறுத்தது. கடிகாரத்துக்கிடும் துத்தநாக-கரி செல்லும், அதனினும் உயர்ந்த ஆல்கலைன் செல்லும் 1.5 வோல்ட் உடையன. சார்ஜ் செய்யும் நிக்கல்-மெட்டல்-ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்டே உடையது. எண்ணைப் பார்ப்போர் முன்னதே மேலென்பர். உயரமான தொட்டிக்குக் குறுகிய குழாயும், சற்றே தாழ்ந்த தொட்டிக்கு அகன்ற குழாயும் இருப்பின் எக்குடம் விரைவில் நிறையும்? நிக்கல் செல் அகன்ற குழாய் உடையது. ஆல்கலைனில் முழு ஒளிக்கு ஐந்தாறு விநாடி கொள்ளும் விளக்கு, நல்ல நிக்கல் செல்லில் மூன்று நான்கு விநாடியில் ஆயத்தமாகும். செல் தேயத் தேய ஆல்கலைன் இன்னும் தளரும். கடிகாரச் செல்லோ பிளாஷுக்கு ஆகவே ஆகாது. கடிகாரம் சொட்டுச் சொட்டாய்ப் பருகும். பிளாஷ் மடமடவெனக் குடிக்கும்.

ஒழுகுகுடம் என்றோமன்றோ? பழைய நிக்கல் செல்கள் சும்மா கிடப்பினும் ஒரு திங்களில் நல்ல பகுதியை இழந்துவிடும். இக்குறையை நீக்கிய செல்களை 2005-இல் ஜப்பானியச் சான்யோ கம்பெனியார் எனெலூப் என்னும் பெயரால் வெளியிட்டனர். இன்று பலரும் அவ்வகையைச் செய்கின்றனர். ஓராண்டு கிடந்தாலும் பெரும்பகுதி குறையாது நிற்கும். 2000 மில்லி-ஆம்பியர்-மணி அளவுள்ள நான்கு செல்கள், முழு ஒளியில் ஏறத்தாழ இருநூறு முறை எரிக்கவல்லன. பழையதையும் புதியதையும், ஒரு கம்பெனியையும் மற்றொன்றையும் கலந்திடலாகாது. நான்கனுள் நலிந்த ஒன்று ஏனைய மூன்றையும் கெடுக்கும். நான்கு நான்காய் எண்ணிட்டு, சேர்த்தே சார்ஜ் செய்து, சேர்த்தே பயன்படுத்துக. சார்ஜ் செய்யவியலாத லித்தியம் பென்சில் செல்கள் எடை குறைந்தன, நெடுங்காலம் கெடாதன, அவசரத்துக்கு நன்று. ஆயின் விரைந்து எரிப்பின் சூடேறும்.

இனி, இடுப்பில் தொங்கவிடும் பாட்டரிப் பெட்டியைக் குறித்துச் சில சொற்கள். உயர்ந்த பிளாஷ் சிலவற்றில் தனித்துளை ஒன்றுண்டு. பெட்டி அதன்வழி 300 வோல்ட் அளவிலேயே மின்சாரத்தைக் கண்டென்ஸருக்கு ஊட்டும். விளக்கு ஓரிரு விநாடியில் ஆயத்தமாகும். எனினும் விளக்கின் அறிவுப்பகுதி உள்ளிருக்கும் செல்களாலேயே இயங்குவது. பெட்டி உண்டென்று உள்செல்களைக் கவனியாது விட்டோர் ஊமை விளக்கோடு நிற்பர். ஓயாது எரிப்பின் விளக்கின் தலை வெந்து தானே நின்றுவிடும். இருபது முப்பது படங்களுக்கு ஒருகால் ஓய்வு தருதல் வேண்டும். கடலூர் உப்புக்காற்றும் வியர்வையும் பட்ட கம்பி இணைப்பை உலர்த்தாது தொடலாகாது. லித்தியம்-அயான் பாட்டரி உப்பிவிடின் இரக்கமின்றி ஒதுக்குக. விமானத்தில் செல்வோர் அதனைக் கைப்பையிலேயே கொண்டு செல்லல் வேண்டும்.

கைப்பேசிக்குரிய பவர்பாங்க் பிளாஷுக்கு நேரே உதவாது. ஆயின் அதனாலும், கார் பாட்டரியாலும் இயங்கும் செல்-சார்ஜர்கள் உள. அன்று அவ்வூரில் டிராக்டர்கள் பல நின்றிருந்தன. ஒன்றின் பாட்டரியும் அத்தகைய சார்ஜரும் இருந்திருப்பின் போதும். இதனைப் பின்னரே அறிந்தோம்.

2018-இல் இளைய மகளின் திருமணம் சிதம்பரத்தில் நடைபெற்றது. மூன்று தொகுதி செல்களும் ஒரு பெட்டியும் கொண்டு சென்றோம். முதல்நாள் இரவில் ஒவ்வொன்றையும் இட்டு எரித்துப் பார்த்தோம். கெட்டிமேளத்தின்போது விளக்கு தவறாது எரிந்தது; அதனை ஒருவரும் கவனிக்கவில்லை. தமக்கையாகிய மூத்தவள் மட்டும் எம்மருகே நின்று, விளக்கு எரியுந்தோறும் அதனையே நோக்கிக்கொண்டிருந்தாள்.

பந்தி முடிந்தபின் அத்தை வந்து, "தம்பி, தாலி கட்டினது விழுந்ததா?" என்றார்கள். அதே சொற்கள். காமிராவின் பின்புறத்தைத் திருப்பி அவர்கள் கையில் கொடுத்தோம். மகளின் பின்னே நின்று தாம் அழுவதைத் தாமே கண்டு சற்று நேரம் பேசாதிருந்தார்கள். பின்பு, "மாமாவும் அன்னிக்கு இப்படித்தான் அழுதார்" என்றார்கள்.

மாணவ நண்பர்காள்! செல் நான்கின் விலை சிறிது. அதனை முன்னிரவிலேயே சோதித்துக் கொள்ளுங்கள்.